ஒளிநாடாவில் வந்த ஆட்சி

தேசம் முழுவதற்கும் ஒளிபரப்பும் உரிமை அரசாங்க ஸ்தாபனமாகிய ராய் ஒன்றுக்கே இருந்த காலத்தில், மிலான் நகரில் வீடு கட்டி விற்றுப் பொருள் சேர்த்த சில்வியோ பெர்லுஸ்கோனி, ஒரே நிகழ்ச்சியைப் பல ஒளிநாடாக்களில் பதித்து, இத்தாலியின் ஊர்தோறும் இருந்த சிறு நிலையங்களுக்கு அனுப்பி, எங்கும் ஒரே நேரத்தில் ஓடச் செய்து, சட்டம் மறுத்ததைச் சாதித்துக்கொண்டார். 1984 அக்டோபரில் நீதிபதிகள் சில பிரதேசங்களில் அதைத் தடுத்தபோது, பிரதம மந்திரி பெத்தினோ கிராக்ஸி அவசரச் சட்டம் பிறப்பித்து அவரைக் காத்தார். பின்னர் இத்தாலிய ஜனநாயகத்துக்கு நேர்ந்த தீங்கின் வித்து அந்தச் சட்டமே என்பது என் திடமான அபிப்பிராயம். 1994 ஜனவரி 26 அன்று தம் அரசியல் பிரவேசத்தையும் அவர் ஒளிநாடாவில் பேசிப் பதித்தே அனுப்பினார். மே மாதத்தில் பிரதம மந்திரியானார். 2011 வரை மும்முறை அப்பதவியில் அமர்ந்த அவர், கனாலே 5, இத்தாலியா 1, ரேத்தே 4 ஆகிய தம் மூன்று அலைவரிசைகளில் ஒன்றையும் விற்கவில்லை.