கல்லில் வரைந்த கண்டனம்

எழுத்துக்கு இல்லாத தடையைச் சித்திரத்துக்கு மட்டும் ஓர் அரசு விதித்தது. ஏன்? பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியேயின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1808இல் மார்சேய் நகரில், கண்ணாடி வேலை செய்தவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் தோமியே. சுண்ணாம்புக்கல்லில் வரைந்து அச்சிடும் கலையைப் பாரிஸில் பயின்றார். 1830ஆம் ஆண்டுப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப் மன்னர், பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உறுதி கூறியவர். 1831இல் தோமியே அவரைப் பெருந்தீனி அரக்கனாகத் தீட்டினார். ஏழைகளிடம் பெற்ற பணம் கூடை கூடையாகப் பலகை வழியே அரக்கனின் வாய்க்குள் செல்கிறது! கிடைத்த பரிசு ஆறு மாதச் சிறைத் தண்டனை.

விடுதலைக்குப் பின்னும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1834 ஏப்ரலில் படையினர் பாரிஸில் ஒரு வீட்டினுள் புகுந்து, குடியிருந்தோரைக் கொன்றனர். தோமியே அக்காட்சியை வரைந்தார். அதில் கேலி இல்லை, மன்னரும் இல்லை. இரவு உடையில் மாண்டு கிடக்கும் ஒருவர். அவருடலின் கீழ் ஒரு குழந்தை. அரசு அப்படத்தைப் பறிமுதல் செய்தது. 1835இல், சித்திரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் பிறந்தது. எழுத்துக்கு அந்நிபந்தனை இல்லை.

பல்லாண்டு எழுத்தறிவித்த ஆசிரியன் என்ற முறையில் இதன் காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கட்டுரையைப் படிக்கக் கல்வி வேண்டும். சித்திரத்துக்குக் கண் போதும். கல்லாதவனும் நியாயம் உணர்வதையே அரசு அஞ்சியது.

பின்னர் தோமியே 'ஷாரிவாரி' நாளேட்டில் வழக்கறிஞர்களையும் வீட்டுக்காரர்களையும் நையாண்டி செய்தார். 1848இல் மன்னர் முடிதுறந்து நாட்டைவிட்டு ஓடினார். ஏறத்தாழ நாலாயிரம் கற்சித்திரங்களைத் தந்த தோமியே, பார்வை மங்கிய நிலையில், ஓவியர் கோரோ உதவிய வீட்டில் 1879இல் மறைந்தார். பறிமுதலுக்குத் தப்பிய அப்படத்தின் பிரதிகளை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம்.