பச்சிளம் சிசுவும் வீட்டுப் பராமரிப்பும்

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே செல்லும் சாலை, ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்து, பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிக்குள் புகுகின்றது. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் அங்கே 190-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் வாழ்கின்றனர். 2013-ஆம் ஆண்டில் அவ்வூர்களில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட செய்தி நாடெங்கும் கவலையை எழுப்பிற்று. தாய்மாரின் இரத்தச் சோகையும் ஊட்டக் குறைவும், அவற்றால் குழந்தைகள் எடை குறைந்து பிறத்தலும் காரணங்களாகக் கூறப்பட்டன. பழங்குடியினர்க்கெனக் கோட்டத்தறையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி அப்பொழுதே இருந்தது. ஆஸ்பத்திரி இருந்தும் சிசு மரிப்பானேன் என்னும் வினாவுக்கு விடை காண, வீட்டுப் பராமரிப்பின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

நம் நாட்டில் நெடுங்காலம் பிரசவம் என்பது வீட்டில் நிகழ்வதாகவே இருந்தது. மருத்துவச்சி பிள்ளையை ஏந்துவாள்; பாட்டிமார் அதைக் காலில் கிடத்தி நீராட்டுவர். தாயையும் சேயையும் தனியறையில் வைத்துப் பலரும் அணுகாமற் காத்த வழக்கம் நன்மையே பயந்தது. ஆயினும், தீங்கு விளைத்த வழக்கங்களும் உடன் இருந்தன. சுத்தம் செய்யப்படாத கருவியால் கொப்பூழ்க்கொடியை அறுத்தமையால் இரணஜன்னி கண்டு மாண்ட குழந்தைகள் எண்ணற்றவை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினர். பிறந்தவுடன் நீராட்டியதால் சிசுவின் உடற்சூடு குறைந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டமையாலும், பிரசவத்தில் சுத்தம் பரவியமையாலும், பச்சிளம் குழந்தைகளின் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

எஞ்சிய அபாயங்களுக்கு வழி காட்டியது, அட்டப்பாடியைப் போலவே காடும் பழங்குடி மக்களும் நிறைந்த மற்றொரு பகுதியாகும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங்கும் அவர்தம் மனைவியார் டாக்டர் ராணி பங்கும் 39 கிராமங்களில் ஒரு சோதனையை மேற்கொண்டனர். அங்கே பிறந்த குழந்தைகளை ஓராண்டு கவனித்தபொழுது, பாதிக்குச் சற்றே குறைவானவை கடும் நோய்க்கு உள்ளாயின என்றும், மருத்துவர் கண்டவை நூற்றுக்கு மூன்றிற்கும் குறைவே என்றும் தெரிந்தது. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆகவே மருத்துவ அறிவு குழந்தையிடம் செல்லவேண்டும் என்று அவர்கள் கருதினர்.

ஓரளவு பள்ளிப் படிப்புடைய கிராமப் பெண்களைத் தேர்ந்து, உடற்சூடு பார்க்கவும், எடை போடவும், மூச்சு விடாத சிசுவுக்கு மூச்சு ஊட்டவும், கிருமித் தொற்றின் அறிகுறியை உணர்ந்து மருந்து தரவும் பயிற்றினர். தொடக்கத்தில், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 62 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் மாண்டுவந்தன. சோதனையின் மூன்றாம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 26 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டிற்காகக் கொள்ளப்பட்ட 47 கிராமங்களில் அது ஏறக்குறைய முன்போலவே நின்றது. 1999-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் இம்முடிவு வெளிவந்தது.

2011-இல் இந்திய அரசாங்கம் இம்முறையை நாடு முழுமைக்கும் வகுத்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் 'ஆஷா' ஊழியர் வீட்டிற்கே சென்று காணவேண்டும். வீட்டிலேயே பிறந்ததாயின் முதல் நாளிலும் காணவேண்டும். இன்று பெரும்பாலான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடைபெறுகின்றன என்பது மெய்யே. ஆனால் சில நாட்களில் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகின்றனர். முதல் மாதத்தின் எஞ்சிய நாட்களெல்லாம் வீட்டிலேயே கழிகின்றன.

அந்நாட்களில் செய்யத்தக்கவை அரியவை அல்ல. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல். ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தராமை. முதல் நாள் நீராட்டாமல் உடலைத் துடைத்துப் போர்த்தல். எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைத்தல். கொப்பூழில் எதனையும் பூசாமை. கை கழுவியே குழந்தையைத் தொடுதல். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது கொதித்தல், மூச்சு வாங்குதல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் என்று காத்திராது ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

மலைச் சிற்றூரில் இக்கடைசிச் செயலே கடினமானது. அறிகுறியைத் தாய் அறிந்தாலும், வாகனமும் பாதையும் இல்லையேல் பயன் இல்லை. கருவுற்ற நாள் முதல் அவளுக்குப் போதிய உணவும் கிடைத்தாகவேண்டும். வீட்டில் தாய் செய்வது பாதி. அவளுக்கு அதனை இயலச் செய்வது சமுதாயத்தின் பாதி. கட்சிரோலியின் வரலாறு ஆனைகட்டி மலைகளுக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.