உத்தரம் முதல் உலவு வரை: ஓர் ஆச்சா மரத்தின் பயணம்

ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள தர்மபுரி மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி வறண்ட காடு. சரளை மண், பாறை இடுக்கு, குறைந்த மழை. ஆச்சா மரத்துக்கு இது போதும். பிறை வடிவச் சிற்றிலைகள் இரண்டிரண்டாக அடியில் ஒட்டி நிற்கும். தட்டையான காயின் நுனியில் ஒரே ஒரு விதை. காற்றில் பறந்துபோய் வேறிடத்தில் விழும். மரம் அவசரப்பட்டு வளராது. மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த ஆச்சாக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று அது.

அந்தக் கனத்துக்காகத்தான் முன்பு வீடு கட்டியவர்கள் ஆச்சாவைத் தேடினார்கள். தூணாக நிறுத்தினார்கள், உத்தரமாகப் போட்டார்கள். மூன்று தலைமுறை அந்தக் கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தது. பிறகு பேரன்மார் வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். ஓடு ஒருபக்கம், கதவு ஒருபக்கம், உத்தரம் ஒருபக்கம் என்று பழைய சாமான் கடைக்குப் போயின. மற்ற மரங்களின் கதை பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். ஆச்சாவுக்கு அங்கேதான் இரண்டாவது பிறவி.

தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கிறது நரசிங்கம்பேட்டை. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் என்னும் நாயனம் செய்யும் ஊர். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வூர் ஆசாரிகள் புதிதாக வெட்டிய ஆச்சாவில் கை வைப்பதில்லை. பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த, முக்கால் நூற்றாண்டாவது கடந்த கட்டையைத்தான் தேடுவார்கள்.

காரணம் உண்டு. நாயனக்காரர் மணிக்கணக்கில் ஊதும்போது ஈரமும் சூடுமான மூச்சு குழலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பச்சை மரம் என்றால் அதில் முறுக்கும், வெடிக்கும். எழுபது எண்பது கோடையைப் பார்த்த உத்தரத்தில் ஈரம் எப்போதோ போயிருக்கும். வெடிக்க வேண்டியது வெடித்து முடிந்திருக்கும். மிஞ்சிய நல்ல பாகம் இனி அசையாது.

பட்டறையில் முதல் வேலை அந்த நல்ல பாகத்தைக் கண்டுபிடிப்பது. வெளிறிய பகுதியைக் கழித்துவிட்டு, கருஞ்சிவப்பாகத் தெரியும் வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். கீறலும் ஆணித்துளையும் இல்லாத இரண்டரை அடி நீளம் கிடைத்தால்தான் ஒரு குழல். அதைக் கடைசல் பிடித்து உருட்டி, நடுவே துளை போடுவார்கள். மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரியும் துளை அது. அந்த விரிவில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் சுரம் நகர்ந்துவிடும். முன்பக்கம் ஏழு விரல்துளைகள். அவற்றுக்குக் கீழே சுருதியைச் சரிக்கட்ட வேறு துளைகள், வேண்டியதை மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். இதுதான் உலவு. அடியில் அணசு என்ற விரிந்த வாய், மேலே கெண்டை என்ற உலோகக் குழல், கெண்டையின் மேல் ஊதும் சீவாளி சேர்ந்ததும் உத்தரமாகக் கிடந்தது நாயனமாகிவிடும்.

உயர்ந்த சுருதியில் ஒலித்த பழைய திமிரி நாதஸ்வரம், தணிந்த சுருதியுள்ள பாரியாக மாறியதில் இவ்வூர் ரங்கநாதன் ஆசாரிக்குப் பெரும் பங்கு உண்டு. சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும்படி அவர் கடைந்த பாரியை வாசித்தவர், பக்கத்துத் திருவாவடுதுறையில் வாழ்ந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

மரம்தான் நாதத்தைத் தருகிறதா, கைதான் தருகிறதா? அமெரிக்காவில் ஒருவர் இதைக் கிதாரில் சோதித்தார். கலிபோர்னியாவின் டெய்லர் கிதார் நிறுவனத்தை 1974இல் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் பலகையில் இருந்த ஓக் மரத்தை எடுத்து, 1995இல் ஒரு கிதாருக்கு முதுகும் பக்கங்களும் செய்தார். ஓக் கிதாருக்கு வழக்கமான மரமே அல்ல. ஆணித்துளைகளை மறைக்காமல் அலுமினிய வில்லை பதித்து எடுத்துக்காட்டினார். கிதார் நன்றாகவே ஒலித்தது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், முதுகும் பக்கமும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்களில் அமைந்த ஆறு கிதார்களை 52 கலைஞர்களிடம் இன்னதென்று தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் தந்த மதிப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

நாதஸ்வரத்துக்கு இந்த நியாயத்தை அப்படியே பொருத்த முடியாது. கிதாரில் அதிர்ந்து ஒலிப்பது பலகை; முக்கியமாக முன்பலகை. நாயனத்தில் அதிர்வது குழலுக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றைக் கசியவிடாமல், ஆண்டுக்கணக்கில் வடிவம் மாறாமல் காப்பதுதான் மரத்தின் வேலை. கிதாரில் அழகான ஆணித்துளை இங்கே குழலையே கெடுத்துவிடும். ஆகவே கைத்திறன் எவ்வளவு பெரிதானாலும், நெருக்கமான, ஆறிய, அசையாத மரம் வேண்டும்.

என் கவலை இங்கேதான். ஆச்சா உத்தரம் போட்டு இன்று யாரும் வீடு கட்டுவதில்லை. பழைய வீடு ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பிரிக்க முடியும். நரசிங்கம்பேட்டையின் மரக்கிடங்கு என்பது தமிழ்நாடெங்கும் நிற்கும் இந்தப் பழைய வீடுகள்தான்; அது நாளுக்கு நாள் குறைகிறது.

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூணையும் உத்தரத்தையும் விறகுக்குத் தள்ளும் முன், மரம் தெரிந்த தச்சர் ஒருவரிடம் காட்டுங்கள். ஆச்சா என்றால் குறுக்கே அறுக்காமல் முழு நீளமாக வையுங்கள். குழல் செய்பவர்களின் கைக்குப் போகட்டும். மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள் வரப்போரத்தில் சில ஆச்சாக் கன்றுகளை நடலாம். இந்த மாவட்டத்து வறட்சி அதற்குப் பழகியது. இன்று நடும் கன்று வளர்ந்து, வைரம் பாய்ந்து, அறுபட்டு, ஆறி, குழலாக நூறாண்டு தாண்டிவிடும். நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கல்யாணத்திலும் கெட்டிமேளத்தோடு நாயனம் வேண்டுமென்றால், கன்று நடும் வேலை நம் தலைமுறையுடையது.