சுவா ஏரிக்கரைக் கடிகாரக்காரர்கள்

கடிகாரம் என்பது நேரத்தை அறிவதற்காக மனிதன் செய்துகொண்ட யந்திரம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லுகின்றன. ஆனால் அதைச் செய்தவர்களுடைய சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், மணி காட்டுவதோடு திருப்தியடைந்துவிட்ட கடிகாரக்காரர்கள் எந்த நாட்டிலும் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. 1796-ல் ஜினீவா நகரத்தில் அந்துவான் ஃபாவ்ர் என்பவர், மணியும் சுத்தியலும் இல்லாமலே, சீப்புப் பல்லைப்போல் வரிசையாக நிற்கும் எஃகு நாக்குகளை மீட்டி இசையெழுப்பும் ஓர் ஏற்பாட்டை அவ்வூர்க் கலைச் சங்கத்தின் முன் கொண்டுவந்து வைத்தார். அதன் பயனாகச் சட்டைப்பைக்குள் அடங்கும் கடிகாரங்களும் பாட ஆரம்பித்தன. ஆகவே, பாட்டுப் பாடிப் படமும் காட்டும் கைக்கடிகாரத்தை நம் காலத்து விபரீதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அந்த ஆசை பழையது. அதை நிறைவேற்றத் துணிந்தவர்கள் மட்டும் ஐரோப்பாவில் இல்லாமல், ஜப்பானின் நடுவே மலைகள் சூழ்ந்த ஓர் ஏரிக்கரையில் இருந்தார்கள்.

ஜப்பானியருக்குக் கடிகாரத்தோடு ஏற்பட்ட சம்பந்தமே விசித்திரமானது. எடோ ஆட்சிக் காலத்தில் அவர்கள் பகலை ஆறு பங்காகவும் இரவை ஆறு பங்காகவும் பிரித்து வைத்திருந்தார்கள். கோடையில் பகற்பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். வருஷம் முழுவதும் மாறாத நம்முடைய நாழிகைக்கு நேர்மாறான கணக்கு இது. ஐரோப்பியப் பாதிரிமார் கொண்டுவந்த யந்திரத்தை இந்தக் கணக்குக்கு வளைப்பதற்காக, பகலுக்கொரு தடவையும் இரவுக்கொரு தடவையும் எடைகளை நகர்த்திவைக்க வேண்டிய சிரமத்தை அந்நாட்டுக் கைவினைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வித்தையின் உச்சமாக, ஒரு தடவை சாவி கொடுத்தால் ஒரு வருஷம் ஓடுவதும், பருவத்துக்கேற்பத் தன் எண்களைத் தானே நகர்த்திக்கொள்வதும், சந்திரனுடைய பிறையையும் கிழமையையும் சேர்த்துக் காட்டுவதுமான ஓர் அற்புதக் கடிகாரத்தை 1851-ல் தனகா ஹிசஷிகே செய்து முடித்தார். அவர் பிற்காலத்தில் நிறுவிய தொழிற்சாலையிலிருந்துதான் இன்றைய தோஷிபா ஸ்தாபனம் வளர்ந்தது. 1873 ஜனவரி முதல் தேதி அரசாங்கம் மேனாட்டுப் பஞ்சாங்கத்தையும் இருபத்துநாலு மணிக் கணக்கையும் ஏற்றுக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த அவ்வளவு சாமர்த்தியமும் ஒரே நாளில் உபயோகமற்றுப் போயிற்று.

பழைய கடிகாரங்கள் உதவாமற்போய்ப் புதியவை எல்லோருக்கும் தேவைப்பட்ட அந்த வேளையில், ஹத்தோரி கிந்தாரோ என்ற இளைஞர் 1881-ல் தோக்கியோவில் கடிகார வியாபாரமும் பழுதுபார்க்கும் வேலையும் ஆரம்பித்தார். 1892-ல் ஸெய்கோஷா என்ற ஆலையை நிறுவிச் சுவர்க் கடிகாரங்களையும், 1913-ல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரத்தையும் செய்தார். 1923-ல் நேர்ந்த பெரிய பூகம்பத்தில் ஆலையும், பழுதுபார்ப்பதற்காக ஜனங்கள் கொடுத்து வைத்திருந்த சுமார் 1,500 கடிகாரங்களும் எரிந்துபோயின. அவற்றுக்கெல்லாம் பதிலாகப் புதிய கடிகாரங்களையே இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்பதை அவருடைய வியாபாரத் தந்திரமென்று சொல்பவர்களும் உண்டு. தந்திரமாகவே இருந்தாலும் அத்தகைய தந்திரத்தை எல்லா வியாபாரிகளும் பழகலாம்.

ஆனால் நம் கதை தோக்கியோவில் நடப்பதல்ல. நாகனோ மாகாணத்தில் சுவா என்றோர் ஏரி இருக்கிறது; அதன் கரையூர்கள் ஒரு காலத்தில் பட்டுநூல் ஆலைகளுக்குப் பெயர்பெற்றிருந்தன. மலை கடந்து நடந்து வந்த ஏழைப் பெண்கள் கொதிநீரில் கூட்டைப் போட்டு இழையெடுத்த ஆலைகள் அவை. அமெரிக்காவில் பட்டின் விலை சரிந்ததும் அவை நொடித்தன. வேலையற்றுக் கிடந்த ஊருக்கு ஏதேனும் ஒரு தொழில் வேண்டியிருந்தது. 1942-ல் யமஸாகி ஹிஸாவோ என்ற உள்ளூர்க் கடிகார வியாபாரி, மிஸோ என்னும் சோயாவிழுது வைக்கும் பழைய கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டு, விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களோடு கடிகார உறுப்புகள் செய்ய ஆரம்பித்தார். மறுவருஷமே யுத்தத்துக்கு அஞ்சித் தலைநகரத்திலிருந்து ஸெய்கோஷாவின் யந்திரங்களும் அங்கே வந்து சேர்ந்தன. யுத்தம் முடிந்தபின் யந்திரங்கள் திரும்பிப் போகவில்லை. தூசியற்ற காற்றும் தெளிந்த நீரும் மலைச்சாரலும் இருந்தபடியால், அவ்விடத்தைக் கீழ்நாட்டு ஸ்விட்ஸர்லாந்து என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதே ஆச்சரியம்.

1964-ல் தோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது, ஓட்டக்காரர்களுடைய நேரத்தை அளக்கக் கையில் தூக்கிச் செல்லத்தக்க படிகக் கடிகாரத்தையும், அளந்த நேரத்தை உடனே காகிதத்தில் அச்சடித்துத் தரும் யந்திரத்தையும் சுவாக்காரர்கள் செய்திருந்தார்கள். அச்சடிக்கும் யந்திரம் பின்னால் எப்ஸன் என்ற பெயரையும் வியாபாரத்தையும் பெற்றது. படிகக் கடிகாரமோ சுருங்கிக்கொண்டே வந்து, 1969 டிசம்பர் 25-ந் தேதி அஸ்ட்ரான் என்ற பெயருடன், விநாடிக்கு 8,192 தடவை அதிரும் படிகத்தைத் தாங்கி, மாசத்துக்கு ஐந்து விநாடிக்குமேல் பிசகாத கைக்கடிகாரமாகக் கடைக்கு வந்தது. விலை 4,50,000 யென். அந்தப் பணத்துக்கு அந்நாளில் ஒரு சிறு மோட்டார் வண்டியே வாங்கிவிடலாம். ஸ்விஸ்காரர்களுடைய பல நூற்றாண்டுச் செல்வாக்கை ஆட்டி அசைத்த சம்பவம் அது. ஆனாலும், முள்ளையும் பல்சக்கரத்தையும் அதுவும் விடவில்லை.

முள்ளை முதலில் விட்டவர்கள் அமெரிக்கர். 1972-ல் விற்பனைக்கு வந்த பல்ஸார் என்ற தங்கக் கடிகாரத்தில் சிவப்பு எழுத்துக்கள் ஒளிவிட்டன. ஆனால் அந்த ஒளிக்கு மின்கலம் தாங்காதாகையால், மணி பார்க்க வேண்டுமென்றால் மற்றக் கையால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது. கையில் மூட்டையுடன் ரயிலடியில் நிற்கிற மனிதனுக்கு அந்தக் கடிகாரத்தால் என்ன பிரயோஜனம்? சுவாக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. ஆராய்ச்சிசாலையார் 1968-ல் காட்டிய திரவப் படிகம், தானாக ஒளி தராமல், மேலே விழும் வெளிச்சத்தை மறைத்தும் விடுத்தும் உருக்காட்டுவது. ஆகவே மின்சாரச் செலவு அற்பம். அதைக் கொண்டு 1973-ல் ஆறு இலக்கங்களில் எந்நேரமும் மணி காட்டும் கடிகாரத்தை வெளியிட்டார்கள். இலக்கம் காட்டுகிற திரை படம் காட்டாதா என்ற கேள்வி அப்புறம் தானே எழுந்திருக்கும்.

அதற்கு விடையாகச் சுவாக்காரர்கள் 1982-ல் ஸெய்கோ என்ற பெயரில் வெளியிட்ட டெலிவிஷன் கடிகாரத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். எஃகுப் பட்டையில் கோத்த சதுர முகம். மேற்பகுதியில் மணி காட்டும் குறுகிய பட்டை. அதன்கீழே மூலைக்கு மூலை 1.2 அங்குலமே உள்ள திரை. அந்தச் சிறு இடத்தில் 31,920 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஸிலிக்கன் தகட்டில் அதற்கென்றே ஒரு ட்ரான்ஸிஸ்டர். தகடு ஒளி புகாததாகையால் பின்னாலிருந்து விளக்குப் போட வழியில்லை. வெயிலில் நின்றால் நீலச்சாம்பல் நிறத்தில் படம் தெளிவாகத் தெரியும். இருட்டறைக்குள் போனால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்காருகிற உலகத்தில், சூரியனைத் தேடிப்போய்ப் பார்க்கவேண்டிய டெலிவிஷன் இது.

இவ்வளவும் மணிக்கட்டிலேயே அடங்கியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம். ஆனால் அலையைப் பிடிக்கும் கருவியும், அதற்கு உயிர் கொடுக்கும் இரண்டு பேனா பாட்டரிகளும் ஒரு பெட்டியில் தனியே இருந்தன; பெட்டி சட்டைப்பையில் கிடக்கும். அதிலிருந்து ஒரு கம்பி சட்டைக் கைக்குள் நுழைந்து கடிகாரத்தைத் தொடும். இன்னொரு கம்பி காதுக்குப் போகும். காதுக் கம்பியே ஏரியலாகவும் வேலை செய்தபடியால், தலையைத் திருப்பினால் படம் மாறும். பாட்டரி சுமார் ஐந்து மணி நேரம் தாங்கும். எஃப்.எம். வானொலியில் பாட்டும் கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் அந்தச் சாதனத்தின் மெய்யான சுகம் அதுதான். ஜப்பானில் ஒரு லட்சம் யெனுக்கு மேலும், அமெரிக்காவில் ஏறக்குறைய 500 டாலருக்கும் விற்ற இந்த விநோதத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்த அளவுக்கு ஜனங்கள் வாங்கவில்லை.

புகழுக்குக் குறைவில்லைதான். 1983-ல் வெளிவந்த ‘ஆக்டபஸ்ஸி’ என்ற ஜேம்ஸ் பாண்டு படத்தில், உதயப்பூர் அரண்மனைகளுக்கும் நம் சென்னை விஜய் அமிர்தராஜுக்கும் நடுவே, இந்தக் கடிகாரமும் ஒரு பாத்திரம் ஏற்றிருக்கிறது. அதற்கும் முன்பே, செஸ்டர் கோல்ட் வரைந்த டிக் டிரேஸி என்ற அமெரிக்கச் சித்திரக்கதைத் துப்பறிவாளர் 1946-ல் மணிக்கட்டு வானொலியும் 1964-ல் மணிக்கட்டு டெலிவிஷனும் கட்டிக்கொண்டார். சித்திரம் வரைகிறவருக்குப் பாட்டரி தேவைப்படுவதில்லை.

வியாபாரத்தில் தோற்ற பொருள் ஆராய்ச்சியிலும் தோற்றதென்று எண்ணிவிடக் கூடாது. ஸிலிக்கன் தகட்டின் இடத்தில் ஒளி புகும் கண்ணாடியை வைத்து, அதே சுவாக்காரர்கள் 1984-ல் இரண்டு அங்குலத் திரையுள்ள வண்ண டெலிவிஷனைச் சட்டைப்பைக்கு ஏற்றவாறு எப்ஸன் பெயரில் வெளியிட்டார்கள். 1985-ல் சுவாவின் கடிகார ஸ்தாபனமும் எப்ஸன் ஸ்தாபனமும் ஸெய்கோ எப்ஸன் என்று ஒன்றாயின. 1989-ல் அத்தகைய மூன்று தகடுகள் வழியே ஒளியைச் செலுத்திச் சுவரில் பெரும்படம் வீழ்த்தும் ப்ரொஜெக்டரைச் செய்தார்கள். இன்று பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நாம் காணும் ப்ரொஜெக்டர்களில் பல இந்த வம்சத்தில் வந்தவை.

மூலக் கடிகாரத்தின் கதியோ பரிதாபம். அமெரிக்காவில் 2009 ஜூனிலும், ஜப்பானின் பெரும்பகுதியில் 2011 ஜூலை 24-ந் தேதியிலும் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டபடியால், அங்கே அது பிடிப்பதற்கு அலையே இல்லாமற் போயிற்று.

அதற்குள் மணிக்கட்டு ஆசை வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2000-ல் காஸியோ கம்பெனி 32 மெகாபைட் நினைவில் சுமார் அரைமணி நேரப் பாட்டை அடக்கிய கைக்கடிகாரத்தை விற்றது. சில ஆண்டுகளில் தென்சீனத்து ஆலைகள் எம்.பி.4 கடிகாரம் என்று ஒன்றைக் கூடை கூடையாகச் செய்து உலகமெங்கும் அனுப்பின. இதில் பெட்டியும் இல்லை, சட்டைக்குள் கம்பியும் இல்லை. ஆனால் ஒரு சினிமாவைப் பார்க்க வேண்டுமானால், முதலில் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஏ.எம்.வி. என்ற சின்ன உருவத்துக்குச் சிதைத்து, யு.எஸ்.பி. கம்பி வழியே ஏற்றி, அப்புறம் முழங்கையை மடக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். தோள் கடுக்க ஆரம்பித்ததும் கதாநாயகன் மேல் உள்ள பிரியம் குறைந்துவிடும். காது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லையாதலால் பாட்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 2015-ல் ஆப்பிள் கம்பெனியார் கைக்கடிகாரம் விற்க வந்தபோது பாட்டைப் பெருமையாகச் சொன்னார்களே தவிர, சினிமாவை யாரும் அதில் எதிர்பார்க்கவில்லை.

எம்.பி.4 கடிகாரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. பாட்டரி தீர்ந்துவிடாதபடி அதன் திரை எப்போதும் அணைந்தே இருக்கும். மணி என்னவென்று தெரிய, பல்ஸாரில் செய்ததுபோலவே, மற்றக் கையால் பொத்தானை அமுக்க வேண்டும்.