குழாயடியின் வரலாறு

ஆனி, ஆடிச் சாரலில் ஐந்து கிளையாகக் கொட்டும் ஐந்தருவியைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. அதே சாரல் தென்காசி தாண்டிக் கிழக்கே போகப்போக மெலிந்துவிடும். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரி ஊர்களில் குடிதண்ணீரின் வரலாற்றை அடிபம்பில்தான் தேட வேண்டும். அந்த இடத்தை வைத்து நம் மொழி உண்டாக்கிய சொல் 'குழாயடிச் சண்டை'. பெண்கள் அற்பத்துக்கு அடித்துக்கொள்வார்கள் என்பதற்கு உவமையாக அது அரசியல் மேடைவரை புழங்குகிறது. தமிழ் கற்பிக்கிறவளாக, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் இரும்பைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1960-களின் கடைசியில், வறட்சியை ஒட்டி, கடினப் பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் இந்தியக் கிராமங்களுக்கு வந்தன. துளைகளின் மேல் நிறுத்தப்பட்டவையோ ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணைவீட்டுப் பம்புகளைப் பார்த்துச் செய்த வார்ப்பிரும்புப் பம்புகள். ஒரு குடும்பம் நாளுக்குச் சில வாளி இறைப்பதற்கான பொருளை ஒரு ஊரே விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்தது. 1970-களின் நடுவில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பம்புகள் ரிப்பேராகிக் கிடந்தன.

மாற்று வழி மகாராஷ்டிரத்தின் மிஷன் பட்டறைகளில் பிறந்தது. ஜால்னாவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையினரின் நீர்த்திட்டம் எஃகில் உறுதியான பம்பு ஒன்றைச் செய்தது. சோலாப்பூர் பம்பு அதை மேம்படுத்தியது. அதை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசும் யுனிசெஃபும் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியில் அதைச் சோதித்தார்கள். உகாண்டா உட்படப் பல ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அது போனது. இன்று அங்கே தேவாலயத் தொண்டர்கள் போர் போட்டு நிறுத்தும் பம்புகளிலும் இந்த வம்சம் உண்டு.

இந்த வரலாற்றில் திருச்சபைக்குப் பெயர் இருக்கிறது, நிறுவனத்துக்குப் பெயர் இருக்கிறது. கைப்பிடியை அடித்தவள் 'பயனாளி'. மார்க் 2 பம்பில் அடியிலுள்ள தோல் வாஷர் தேய்ந்தால், குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். அதற்கு மாவட்டத்திலிருந்து வண்டியும் ஆட்களும் வர வேண்டும். வரும்வரை குடத்தோடு அடுத்த தெருப் பம்புக்குப் போகிறவளிடம் சாதி கேள்வி கேட்கும், வரிசை நீளும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

பின்னால், 1980-களில் கோயம்புத்தூரிலேயே நடந்த சோதனைகளிலிருந்து மார்க் 3 வந்தது. குழாய் அகலமானதால், கம்பிகளை மட்டும் உருவி வாஷர் மாற்ற முடிந்தது. கனரக வேலை என்ற சாக்குப் பாதி கழன்றது. மீதியை உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டப் பெண்கள் கழற்றினார்கள். 1990-களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா திட்டத்தில் அவர்கள் பம்பு மெக்கானிக்குகளானார்கள். தலித் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். எழுத்தறியாதவர்கள் ஸ்பானர் பிடித்த பிறகே எழுத்தும் கேட்டார்கள்.

தண்ணீர் கொடுத்தவர்களின் அக்கறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெபம் முடிந்து, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஸ்பானரை யார் கையில் கொடுத்தார்கள்? ஆப்பிரிக்க ஊரானாலும் ஆலங்குளமானாலும் கேள்வி அதுதான். இனி யாராவது 'குழாயடிச் சண்டை' என்று சிரித்தால், அந்தப் பம்பு எத்தனை நாளாக ரிப்பேர் என்று கேட்போம்.