கொள்ளிடக்கரைக்கு வராத வெளிச்சம்

2024 மே 11, சனிக்கிழமை காலை. லீவுக்கு திருமானூர் வந்திருந்தேன். ஜெர்மனியில இருக்கிற கல்லூரி நண்பன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அவன் வீட்டுக்கு மேல வானம் பூரா ரோஸ் கலர்! "வடதுருவ ஒளிடா மாப்ள, நீ பாத்தியா?"னு நக்கல் வேற.

நானும் ராத்திரி மொட்டை மாடியிலதான் படுத்திருந்தேன். கொள்ளிடத்துக் காத்து, கொசு, நட்சத்திரம். அவ்ளோதான்.

ஆனா அதே ராத்திரி லடாக்ல, ஹான்லே வானாய்வகத்து கேமராவுல வடக்கு அடிவானம் செக்கச்செவேல்னு பதிவாகியிருக்கு. சூரியன்லேருந்து வர்ற மின்துகள்கள் பூமியோட காந்த துருவங்களைச் சுத்தி ஒரு வளையமா இறங்கும். புயல் பெருசானா வளையமும் விரியும். 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கிற ஆக்சிஜன் சிவப்பா ஒளிரும். பச்சை அதுக்குக் கீழ, 100 கிலோமீட்டர் உயரத்துல. தூரத்துலேருந்து பாக்குறவங்களுக்கு பூமியோட வளைவு பச்சையை மறைச்சிடும், சிவப்பு மட்டும் எட்டிப் பாக்கும். நமக்கு அதுவும் இல்ல. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம்தான் போகுது. இந்த விஷயத்துல நாம கடைசி பெஞ்சு.

சரி, லடாக்குக்குத் தெற்க வந்ததே இல்லையான்னு தேடினேன். வந்திருக்கு! 1872 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பம்பாய்லயே தெரிஞ்சிருக்கு. அந்த ஊர் பேப்பர்ல செய்தியே வந்திருக்கு. பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவுல கடலடித் தந்தி சில மணி நேரம் தடைப்பட்டிருக்கு.

அதைவிட என்னை அசத்தினது 1859 செப்டம்பர் 2. முந்தின நாள் காரிங்டன்ங்கிற ஆங்கிலேயர் சூரியன்ல ஒரு வெளிச்சத் தெறிப்பைப் பாத்தார். சுமார் 17 மணி நேரத்துல புயல் பூமிக்கு வந்துடுச்சு. அமெரிக்காவுல பேட்டரியைக் கழட்டிட்டு, கம்பியில தானா ஓடின மின்சாரத்துலயே தந்தி அடிச்சாங்களாம். அப்போ பம்பாய் கொலாபா ஆய்வகத்துல ஒருத்தர் காந்த ஊசியோட அளவை கண்ணால பாத்து நோட்டுல எழுதிக்கிட்டிருந்தார். காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிஞ்சது. அந்தப் புயல் எவ்ளோ பெருசுன்னு 2003ல கணக்குப் போட்டவங்க இந்த நோட்டைத்தான் நம்பினாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஒண்ணுமே நடக்காத ஆயிரம் ராத்திரி எழுதியிருக்காங்க, அதனாலதான் அந்த ஒரு நாள் கிடைச்சுது. பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகுதுன்னதும் அளவு கெட்டுடக்கூடாதுன்னு 1904ல அலிபாக்ல புது ஆய்வகமே ஆரம்பிச்சாங்க. பதிவு நிக்கலை. ஆபீஸ்ல லாக் ஒழுங்கா எழுதச் சொன்னா அலுத்துக்கிற ஆளு நான். நடுராத்திரி சர்வர் படுத்தப்புறம்தான் லாக் எங்கன்னு தேடுவேன்.

அப்பாயிகிட்ட இதெல்லாம் சொன்னேன். "அந்த வெளிச்சத்தைப் பாக்காம என்னடா கொறஞ்சு போச்சு?"ன்னுச்சு.

"வெளிச்சம் வராட்டி பரவால்ல அப்பாயி, 1989 மார்ச்ல கனடாவுல இதே மாதிரி புயல்ல கியூபெக் பூரா ஒம்போது மணி நேரம் கரண்ட் போச்சு."

இப்பதான் அப்பாயி நிமிர்ந்து பாத்துச்சு. "அப்ப மோட்டாரு?"

அதான் கேள்வி. 1859ல ஊருக்கு நாலு தந்திக்கம்பி. இன்னிக்கு வயல்ல ஓடுற மோட்டார்லேருந்து என் சம்பளம் வரைக்கும் எல்லாமே கம்பியிலதான் தொங்குது.