எல்க் வேட்டைக்கான ரைஃபிள்: எடையும் வேகமும்

எல்க், கடமான் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மான். ராக்கி மலைத்தொடரில் வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். தோள் எலும்பு தடித்தது, நெஞ்சுக்கூடு ஆழமானது. நுரையீரலில் குண்டு பாய்ந்த பிறகும் அடர்ந்த மரச்சரிவுக்குள் ஓடி மறையும் வலு அதற்கு உண்டு. அப்படி மறைந்தது சில நேரங்களில் வேட்டைக்காரர் கண்ணில் படாமலே துடித்துச் சாகும். எல்க்கை ஒரே குண்டில் விரைவாக வீழ்த்துவது எப்படி என்ற கேள்விக்கு அமெரிக்க மேற்குப் பகுதி தேடிய விடைகளே அங்குள்ள வேட்டை ரைஃபிளின் வரலாறு.

அமெரிக்க மேற்கை ஆராயச் சென்ற லூயிஸ்–கிளார்க் பயணக் குழு 1805–06 குளிர்காலத்தைக் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், கிளாட்சாப் கோட்டையில் கழித்தது. அங்கே அவர்கள் கொன்ற எல்க்குகள் சுமார் 130. இறைச்சி உணவானது, தோல் காலணியானது. கையில் இருந்தவை சக்கிமுக்கிக் கல் தட்டிப் பொறி எழுப்பும் துப்பாக்கிகள். அடுத்த தலைமுறையில் மலைகளுக்குள் பீவர் தோல் தேடிப் போனவர்களுக்காக, செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் ஒரு ரைஃபிளை உருவாக்கினார்கள். குட்டையான, எட்டுப் பட்டை கொண்ட கனத்த குழல். அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட துளை. நாலரை கிலோவுக்கும் மேற்பட்ட எடை. கொம்பிலிருந்து மருந்தை அளந்து குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈய உருண்டையைப் பொதிந்து, கோலால் அடிவரை கெட்டித்து, கடைசியாகச் சிறு செம்புக் கேப்பைப் பொருத்தினால்தான் அது சுடும். குறி தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் எல்க் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும். அதனால் நூறு மீட்டருக்குள் ஊர்ந்து நெருங்கும் திறமைதான் அன்றைய வேட்டைக்காரரின் உண்மையான ஆயுதம்.

பித்தளைக் கூட்டுத் தோட்டா வந்தபோது கெட்டிக்கும் வேலை ஒழிந்தது, தூரச் சிக்கல் மட்டும் தீரவில்லை. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45-70 தோட்டாவில் 70 கிரெய்ன் கரிமருந்தும், 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. எலும்பை உடைக்க அந்த எடை போதும். ஆனால் குண்டு நொடிக்கு 400 மீட்டர் அளவில்தான் பறந்தது. நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் இருநூறு கஜத்தில் சுட்டால், குண்டு ஓர் அடிக்கும் மேல் தாழ்ந்து விழும். தூரத்தைக் கண்ணால் தவறாகக் கணித்தவர் எல்க்கின் முன்னங்காலை உடைத்துவிட்டு நிற்பார். அதே 1873-இல் வந்த வின்செஸ்டர் லீவர் ரைஃபிள் அடுத்தடுத்துச் சுடும்; அதன் .44-40 தோட்டாவுக்கு எல்க்கின் தோளை ஊடுருவும் வலு போதவில்லை. வின்செஸ்டர் 1876-இல் பெரிய தோட்டாவுக்கென வேறொரு மாடலைக் கொண்டுவந்தது. பண்ணைக்காரராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1884-இல் வயோமிங்கின் பிக்ஹார்ன் மலைகளுக்கு எடுத்துச் சென்றது அதைத்தான்.

ரூஸ்வெல்ட் வேட்டையாடிய காலத்திலேயே எல்க் கூட்டங்கள் கரைந்துகொண்டிருந்தன. சந்தைக்கு இறைச்சியும் தோலும் விற்றவர்களோடு, கோரைப்பல்லுக்காகக் கொன்றவர்களும் இருந்தார்கள். குரோ இனப் பெண்களின் உடையில் மதிப்போடு தைக்கப்பட்டு வந்த அந்தப் பல், எல்க்ஸ் என்ற சகோதர சங்கத்தின் உறுப்பினர்கள் பைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் அணியாகிவிட்டது. பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு முழு உடலையும் அழுகவிட்டது அந்த வேட்டையின் மிகக் கேவலமான பக்கம். ஒரு கோடி அளவில் இருந்ததாகச் சொல்லப்படும் எல்க், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போனதாக மதிப்பிடப்படுகிறது. 1900-இன் லேசி சட்டம் சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் தாண்டி விற்பதைத் தடுத்தது; 1912-இல் வயோமிங்கின் ஜாக்சனில் தேசிய எல்க் காப்பகம் பிறந்தது. 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் ரைஃபிள், தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே திருப்பியது. வேட்டைக்குப் பருவமும் உரிமச் சீட்டும் வந்தன. பல இடங்களில் சீட்டுக்குக் குலுக்கல். ஆண்டுக்கு ஒரே எல்க், அதுவும் சீட்டு கிடைத்தால்தான் என்றானபோது, கையில் இருக்கும் ரைஃபிள் ஏமாற்றிவிடுமோ என்ற கவலை பெரிதானது. பின்னாளில் பெருந்தோட்டாக்களுக்குச் சந்தை கிடைத்ததில் இந்தக் கவலைக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

வேகத்தைக் கொண்டுவந்தது புகையில்லா மருந்து. பிரான்சில் பால் வியே 1884-இல் அதை உருவாக்கினார். பதினோரு ஆண்டுகளில் அமெரிக்க வேட்டைக் காடுகளில் .30-30 லீவர் ரைஃபிள் நுழைந்துவிட்டது. அதைவிட நிலையான இடம் 1906-இல் வந்த ராணுவத் தோட்டாவான .30-06-க்குக் கிடைத்தது. முதல் உலகப் போரில், தாழ்ப்பாள் போன்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளைப் பிடித்துப் பழகிய இளைஞர்கள் ஊர் திரும்பியதும் வேட்டைக்கும் அதையே தேடினார்கள். 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் பறந்தபோது, 250 மீட்டர் வரை தூரக் கணிப்புப் பிழை பெரிதாகப் பாதிக்கவில்லை. 1925-இல் வின்செஸ்டர் அந்தத் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி .270-ஐ வெளியிட்டது: குண்டு 130 கிரெய்ன்தான், வேகம் நொடிக்கு 900 மீட்டருக்கும் மேல்.

இங்கிருந்துதான் அமெரிக்க வேட்டை எழுத்தின் நீண்ட வாக்குவாதம் கிளம்பியது. ஒரு பக்கம் ஜாக் ஓ'கானர்: அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர், 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பகுதி ஆசிரியர். எதிரே எல்மர் கீத்: மாட்டுப் பண்ணையிலும் மலையிலும் வளர்ந்து, வேட்டை வழிகாட்டியாகப் பிழைத்தவர். பிற்காலத்தில் இருவரும் வாழ்ந்தது ஐடஹோ மாநிலத்தில்தான். மிதமான உதை கொண்ட ரைஃபிளால் சரியான இடத்தில் வைக்கும் லேசான, வேகமான குண்டு போதும் என்றார் ஓ'கானர். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர் கையில் எந்தப் பெரிய தோட்டாவும் பயன்படாது என்பது அவர் வாதத்தின் உயிர். கீத் பார்த்த காடு வேறு. அடர்ந்த மரங்களுக்கிடையே எல்க் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டுவதில்லை, முதுகைக் காட்டி ஓடும். பின்புறமாய்ப் புகும் குண்டு வயிற்றின் நீளத்தைக் கடந்து நெஞ்சுவரை போகவேண்டுமானால் 250 கிரெய்ன் அளவாவது எடை வேண்டும் என்றார். கூட்டாளிகளோடு அவர் உருவாக்கிய .333 ஓகேஹெச் தோட்டாவின் வழியில் 1958-இல் .338 வின்செஸ்டர் மேக்னம் (கூடுதல் மருந்து ஏற்றிய தோட்டா) வந்தது. 1962-இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் மறு ஆண்டு .300 வின்செஸ்டர் மேக்னமும் கடைகளை நிறைத்தன. சண்டை போட்ட இருவரும் ஒரே விலங்கை இரண்டு வேறு நிலங்களில் வைத்துப் பேசினார்கள் என்பதை வாசகர்கள் பலர் கவனிக்கவில்லை.

அந்த வாதத்தைப் பாதி தீர்த்துவைத்தது குண்டின் உள்ளமைப்பு. 1946-இல் ஓரிகன் மாநிலத்து ஜான் நாஸ்லர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் மான் வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது வேகமான .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். சேறு காய்ந்து ஒட்டியிருந்த மூஸின் தோளில் பட்டதும் குண்டுகள் மேலேயே சிதறின. உள்ளே எதுவும் போகவில்லை. குறையைத் தோட்டாவில் தேடாமல் குண்டில் தேடினார் நாஸ்லர். அவர் செய்த பார்ட்டிஷன் குண்டை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் செம்பு உறைக்கு நடுவே குறுக்குச் சுவர் ஒன்று தெரியும். சுவருக்கு முன்னால் உள்ள ஈயம் பட்ட இடத்தில் விரிந்து பிளக்கும். பின்னால் உள்ள ஈயம் சுவரின் காவலில் சிதையாமல் ஆழம்வரை துளைக்கும். 1948-இல் அவர் பெயரில் நிறுவனமே உருவானது. இந்த வகைக் குண்டு வந்தபின் .270-உம் எல்க்கின் தோளைக் கடந்தது. தோட்டாப் பெயரை வைத்து நடந்த சண்டையில் குண்டின் அமைப்புக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. இதே திசையில் 1980களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனத்தின் முழுச் செம்புக் குண்டு வந்தது.

குறிபார்க்க உதவும் கண்ணாடியான ஸ்கோப்பின் கதை 1855-இல் நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் வில்லியம் மால்கம் செய்த, குழலளவு நீண்ட தொலைநோக்கிகளிலிருந்து தொடங்குகிறது. எல்க் மலைகளில் அது பரவ 75 ஆண்டுகள் ஆயின. 1930-இல் பில் வீவர் கொண்டுவந்த 330 மாடல் சாதாரண வேட்டைக்காரர் வாங்கும் விலையில் இருந்தது. வின்செஸ்டர் 94 போன்ற அன்றைய லீவர் ரைஃபிள்கள் காலிக் கூட்டை மேல்நோக்கி எறிந்ததால் நடுவில் ஸ்கோப் பொருத்த இடமிருக்கவில்லை. போல்ட் ரைஃபிளின் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் குளிரிலிருந்து கூடாரத்துக்குள் நுழைந்தாலோ மழையில் நடந்தாலோ கண்ணாடியின் உள்ளே ஆவி படிந்துவிடும். அப்படி மங்கிய ஸ்கோப்பால் மானைத் தவறவிட்ட மார்க்கஸ் லூப்போல்ட், 1940களின் பிற்பாதியில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பி மூடினார். 1962-இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட டூப்ளெக்ஸ் குறி, ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குறுக்குக் கம்பி. எல்க் மேயவரும் விடியல், அந்தி மங்கலில் கண் தானாக நடுவுக்கு இழுபடும்.

1990களில் லேசர் தூரமானி வந்தபின் தூரத்தைக் கண்ணால் கணிக்கும் தவறு நீங்கியது. 2007-இன் 6.5 கிரீட்மோர், 2022-இன் 7 மி.மீ. பிஆர்சி போன்ற தோட்டாக்கள் காற்றைக் கிழித்துச் செல்லும் நீண்ட குண்டுகளை எறிகின்றன. 500 மீட்டரில் மிதமான பக்கக்காற்றே பழைய .30-06 குண்டை ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிவிடும். எல்க்கின் நெஞ்சுப்பகுதியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குண்டு போய்ச்சேரும் முக்கால் நொடியில் விலங்கு ஓர் அடி எடுத்துவைத்தால் எந்த ஸ்கோப்பும் உதவாது. அதனால்தான் ரூஸ்வெல்ட் 1887-இல் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் நெடுந்தூரச் சூட்டை நேர்மையான வேட்டையின் எல்லைக்கு வெளியே வைத்து எச்சரிக்கிறது. சட்டம் கீழ் எல்லையை மட்டும் சொல்கிறது. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 அளவு, 85 கிரெய்ன், விரியும் குண்டு. ஈயத் துணுக்குகள் கழுகுகளைக் கொல்வதால், கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்தது. மற்றபடி இன்றைய எல்க் மலைகளில் மிகுதியாகக் காணப்படுவது .30-06, 7 மி.மீ. மேக்னம், .300 மேக்னம் ரைஃபிள்கள், கட்டுறுதியான குண்டு, மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெருக்கும் ஸ்கோப்.